அஞ்சு ரூவாக் கவர்

பாருங்கக்கா, தாராளமாப் பாருங்க. ஓரக்கண்ணால பாத்தா கண்ணுதான் வலிக்கும். கோவில்பட்டியில ஏறுனதுலருந்து பாத்துக்கிட்டே வாறீக. இவள எங்கயோ பாத்திருக்கோமே, கல்யாண வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயான்னு யோசிக்கீக. கஷ்டப்படாதீக, நானே சொல்லிருதேன். அஞ்சு ரூவாக் கவர் வீடியோ பாத்தீகளா? ஒரு சூப்பர் மார்க்கெட்டு, பில் போடுற எடம், பச்சை சுடிதார் போட்டுக்கிட்டு ஒருத்தி, எதுக்க ஸ்கூல் யூனிபார்ம்ல ஒரு பிள்ள அழுதுக்கிட்டு நிக்கும். அந்தப் பச்சை சுடிதார் நாந்தான்.

ஆ, தெரிஞ்சிருச்சா? தள்ளி உக்காரணும்னா உக்காந்துக்கிடுங்க. என்ன, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எடம் இல்ல.

சங்கரன்கோவில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. அந்த வீடியோ ஒரு நிமிசம் பதினெட்டு செகண்டு. அத ஊரே பாத்துச்சு. அதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு ஒரு ஆளு கேக்கல. நீங்களாவது கேளுங்க. கடை பேரு மட்டும் கேக்காதீக. நம்ம வாயால முதலாளி பேரு கெட்டுச்சுன்னு வரக்கூடாது. ஆறு வருசம் சோறு போட்ட எடம்.

என் பேரு முப்பிடாதி. கடைக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தேன். அங்க கை பூரா மருந்து வாடை. சோத்துல கை வச்சாலும் அதே வாடைதான். கடையில அப்படியா? ஏசி. வெயில் காலத்துல குளிருக்குத் துண்டு போத்திக்கிட்டு நின்னவ நான். பத்து மணி நேரம் நிக்கணும், உக்கார ஸ்டூல் கிடையாது, அது வேற. உக்காந்தா சோம்பேறித்தனம் வரும்னு முதலாளி சொல்லுவாக. எங்க ஒடம்பு மேல அம்புட்டு அக்கறை அவுகளுக்கு.

போன வருசம் சித்திரையில ஒரு நாள் காலையில எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாக. முதலாளி பேசுனாக. "பூமித்தாய் அழுதுக்கிட்டிருக்கா. இத்தனை நாளா கவர ஓசியில அள்ளி அள்ளிக் குடுத்துப் பாவம் பண்ணிட்டோம். இனிமே கவருக்குக் காசு. சின்னது அஞ்சு ரூவா, பெருசு பத்து ரூவா. காசு குடுத்து வாங்குனாத்தான் ஜனங்களுக்கு அருமை தெரியும்"னாக. எனக்குப் புல்லரிச்சுப் போச்சுக்கா. சுவத்துல ஆமை படம் ஒண்ணு ஒட்டுனாக. வாயில கவர் மாட்டிக்கிட்டு அது நம்மளையே பாக்கும். கோவில்பட்டியில ஆமைய எங்க பாத்தோம்? இருந்தாலும் பாவமாத்தான் இருந்துச்சு.

கவரு சும்மா இல்ல, புதுசு. மண்ணுல போட்டா ஆறு மாசத்துல மக்கிரும்னு அதுலயே எழுதியிருக்கும். ஒரு பக்கம் கடை பேரு, இன்னொரு பக்கம் முதலாளி கையெடுத்துக் கும்பிடுற போட்டோ. நான் ஒண்ணக் கொண்டுபோயி வீட்டு முன்னாடி செம்பருத்திச் செடிக்கு அடியில பொதைச்சு வச்சேன். ஒரு வருசம் ஆச்சு. போன வாரம் தோண்டிப் பாத்தேன். முதலாளி அப்படியே கும்பிட்டுக்கிட்டு இருக்காக. மீசை கூட அழியல. அதான் தரம்ங்கிறது.

மேனேஜர் சந்தனராஜ்னு ஒருத்தர். அவரு சட்டம் போட்டாரு. ஒரு கவுண்டருக்கு ஒரு நாளைக்கு நூத்தம்பது கவர் போயிருக்கணும். கொறைஞ்சா சாயங்காலம் கூப்பிட்டு, "என்ன முப்பிடாதி, ஒனக்கு இயற்கை மேல அக்கறையே இல்லையா?"ன்னு கேப்பாரு. கவர் வேணுமான்னு கேக்கக் கூடாது. கேட்டா வேண்டாம்னு சொல்லிருவாங்கள்ல? சாமான எடுத்துக் கவர்ல போட்டுப் பில்லுல சேத்துறணும். பாத்துட்டுக் கத்துனா, "ஓ, வேண்டாமா சார்?"ன்னு சிரிக்கணும். நான் நல்லாச் சிரிப்பேன். மூணு மாசம் தொடர்ந்து என் கவுண்டர்தான் மொத எடம். சர்டிபிகேட் குடுத்தாக. 'பூமியின் தோழி'ன்னு போட்டிருக்கும். வீட்டுல மாட்டியிருக்கேன்.

ஆனா வாறவுக இருக்காகளே, அப்பப்பா. நாலாயிரத்து எண்ணூறுக்குச் சாமான் வாங்குவாரு, கார்டத் தேச்சுட்டுப் போயிக்கிட்டே இருப்பாரு. பில்லுல கவர்னு ஒரு வரியப் பாத்ததும் சாமி வந்துரும். "என்னது, ஒங்க விளம்பரத்த நான் தூக்கிச் சுமக்க நானே காசு குடுக்கணுமா?" இந்தக் கேள்விய ஒவ்வொருத்தரும் தானே கண்டுபுடிச்ச மாதிரி கேப்பாக. ஒரு நாளைக்கு நாப்பது பேரு கண்டுபுடிப்பாக. ஒரு வக்கீல் நுகர்வோர் சட்டத்த மனப்பாடமா ஒப்பிச்சாரு, பின்னாடி வரிசை வாசல் வரைக்கும் போயிருச்சு. ஒருத்தரு முட்டைய ஹெல்மெட்டுல வச்சுக் கொண்டு போனாரு. போகும்போது ஹெல்மெட்டு வேணும்ல? வெறுந்தலையா வண்டி ஓட்டி, கடை முக்குலயே போலீஸ்காரர்ட்ட மாட்டிக்கிட்டாரு. ஒரு அம்மா சேலை முந்தானைய விரிச்சு, "போடு, எல்லாத்தையும் இதுல போடு"ன்னு சாபம் குடுக்குற மாதிரி நின்னுச்சு. அஞ்சு கிலோ அரிசிக்கா.

எல்லாத்தையும் நாந்தான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். திருடி, கொள்ளைக்காரி, ஒன் வீட்டுக்கா கொண்டு போறன்னு. ஏசினது பூரா எனக்கு. அஞ்சு ரூவா கடைக்கு. அது நியாயந்தான், முதலாளிய நேராப் போயி ஏச முடியுமா? பிபி இருக்கு அவுகளுக்கு.

இப்ப அந்த நாளுக்கு வாறேன்.

வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை இருக்கும். வரிசையில ஏழு எட்டுப் பேரு. ஒரு பிள்ள வந்துச்சு. பதினாறு வயசு இருக்கும், எம் பொண்ணு படிக்கிற ஸ்கூல் யூனிபார்ம். ஸ்கூல்லருந்து பாதியில வந்திருக்கு. கையில பை கிடையாது. ஒரு பொருளு வாங்குச்சு.

என்ன பொருளா? அதான்க்கா, பொம்பளப் பிள்ளைக வாங்குறது. மெதுவாப் பேசுங்க, முன் சீட்டுல ஆம்பளை இருக்காரு. நாப்கின்.

பாக்கெட் நாப்பது ரூவா. நாப்பது ரூவா கையில கசங்கிப் போயி இருந்துச்சு. குடுத்துச்சு. நானும் வழக்கம்போலக் கவர்ல போட்டு, நாப்பத்தஞ்சுன்னேன். அது முழிக்குது.

"அக்கா, அஞ்சு ரூவா இல்லக்கா."

"அப்ப கவர எடுத்துருதேன்"னு வெளிய எடுத்து மேசையில வச்சேன். வச்சா, எல்லாரும் பாக்காக. அந்தப் பிள்ள டக்குன்னு அது மேல கைய வச்சு மூடுச்சு.

"அக்கா, ஒரு கவர் தாங்கக்கா. நாளைக்குக் கொண்டாந்து குடுத்துருதேன்."

"கடன் கிடையாதும்மா."

"பேப்பராவது தாங்கக்கா, சுத்திக்கிடுதேன். பஸ் ஸ்டாண்ட் வழியா நடந்து போணும்."

பேப்பருக்கு எங்க போவேன்? முதலாளி ரூம்ல இருந்துச்சு. அவுக இன்னும் படிச்சு முடிக்கல.

இப்பக் கேப்பீக, ஏன் முப்பிடாதி, ஒன் கைக்காசப் போட்டிருக்கலாமேன்னு. ஊரே கேட்டுச்சு. கல்லாவுல நிக்கவ சொந்தக் காசு வச்சிருக்கக் கூடாதுக்கா. காலையில வரும்போதே பர்ச லாக்கர்ல வச்சுப் பூட்டிச் சாவிய மேனேஜர்ட்ட குடுத்துறணும். சரி, நாந்தான் இப்படி. வரிசையில ஏழு பேரு நின்னாகல்ல? ஒருத்தரு பாக்கெட்டுலயும் அஞ்சு ரூவா இல்லையா? பின்னாடி ஒரு சமூக சேவகர் நின்னாரு. ஒரு ஷேவிங் பிளேடு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டு. அவருகிட்ட காசு இருந்துச்சு. கைதான் சும்மா இல்ல, வீடியோ எடுத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்ப நான் ஒண்ணு சொன்னேன். அதத்தான் பாட்டுப் போட்டு, பொம்மை போட்டு, நாய் பேசுற மாதிரியெல்லாம் போட்டு விட்டானுக. "அஞ்சு ரூவா இல்லன்னா அப்படியே கையில புடிச்சிட்டுப் போ. இதுல என்ன வெக்கம்?"

சொல்லுங்க, இதுல என்ன தப்பு? டிவியில அதத்தானே சொல்லுதாக? வெக்கப்படாதீங்க, மூடி மறைக்காதீங்கன்னு டாக்டர் அம்மா வந்து சொன்னா எல்லாரும் கை தட்டுதாக. நான் சொன்னா நாய் மூஞ்சி போடுதாக. பொம்பளைக்குப் பொம்பளை தைரியம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன். வரிசை நீளமா இருந்துச்சுல்ல.

அந்தப் பிள்ள அழுதுச்சு. அழுதுக்கிட்டே அத ஓவர்கோட்டுக்குள்ள நெஞ்சோட அமுக்கிக்கிட்டு ஓடிருச்சு. எனக்கு அடுத்த ஆளு. கடுகு, தேங்கா எண்ணெ, தேயிலை. கவர் போட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல.

மறுநாள் மத்தியானத்துக்குள்ள ஊரு பூரா பரவிருச்சு. என் மூஞ்சி தெளிவா இருந்துச்சு. அந்தப் பிள்ள மூஞ்சி அதவிடத் தெளிவா இருந்துச்சு. மறைக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல, நியாயம் கேக்குற அவசரம். என் சுடிதார்ல குத்தியிருந்த பேட்ஜுல 'பிரீத்தி'ன்னு இருக்கும். முப்பிடாதின்னு போட்டா ஏசி கடைக்கு எடுப்பா இருக்காதுன்னு, வேலைய விட்டு நின்ன பிள்ள பேட்ஜ எனக்கு மாட்டி விட்டிருந்தாரு சந்தனராஜ். ஜனங்க பிரீத்தி ஒழிக, பிரீத்திய உள்ள தள்ளுன்னு எழுதுறாக. நெசப் பிரீத்தி சாத்தூர்ல கல்யாணம் முடிச்சு மூணு மாசக் கர்ப்பம். அது போன் பண்ணி, "யக்கா, எங்க மாமியா என்னய நடு வீட்டுல நிக்க வச்சுக் கேக்காக"ன்னு ஒரே அழுகை. எங்க வீட்டுக்காரர் போன்ல அவ மாமியாளுக்கு வீடியோ கால் போட்டு என் மூஞ்சியக் காட்டுனப்புறந்தான் அந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சுச்சு.

ஞாயித்துக்கிழமை கடை முன்னாடி கொடி புடிச்சுட்டாக. இருபது பேரு. ஒவ்வொருத்தரும் ஒத்த ரூவாக் காசு அஞ்சு கொண்டாந்து கடை வாசல்ல எறிஞ்சாக. முதலாளி வெளிய வந்து கையெடுத்துக் கும்பிட்டாக. கவர்ல இருக்க மாதிரியே. "எங்க கடையில பெண்களுக்குக் கவர் எப்பவும் இலவசம். அந்த ஊழியர் சுய விருப்பத்துல செஞ்ச காரியம் இது. நானும் ரெண்டு பொம்பளப் பிள்ளைகளப் பெத்தவன்"னாக. நான் உள்ள அரிசி மூட்டைக்குப் பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். ஆறு வருசத்துல அன்னைக்குத்தான் கடையில உக்காந்தேன்.

எங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டுதாரு. அவரு கேட்டாரு, "ஒம் முதலாளி பொய் சொல்லுதான், நீ வாயத் தொறக்காம இருக்க?"ன்னு. மனுசனுக்கு நெளிவு சுளிவு தெரியாது. அப்படிச் சொன்னாத்தானே கடை பொழைக்கும்? கடை பொழைச்சாத்தானே நான் பொழைப்பேன்? முதலாளி எனக்காகத்தான் பொய் சொன்னாக. வெளிநாட்டுக்காரன் மாதிரி வெடுக்குன்னு வேலைய விட்டுத் தூக்கல பாருங்க.

எம் பொண்ணுதான் விடல. மதுமிதா. ஒம்பதாவது படிக்கா. திங்கக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தா. பையக் கழட்டல. "அம்மா, அது யாருன்னு தெரியுமா? பவதாரிணி அக்கா. பிளஸ் ஒன். எங்க கபடி டீம் கேப்டன். இன்னைக்கு ஸ்கூலுக்கு வரல. பசங்க கரும்பலகையில அஞ்சு ரூவான்னு எழுதி வச்சிருக்காங்க"ன்னா.

"அந்தப் பசங்கள ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லு"ன்னேன்.

"ஒன்னய யார்ட்ட சொல்ல?"ன்னு கேட்டா.

அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேச்சு இல்ல. சோறு வச்சாச் சாப்பிடுவா. கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பா. பேச மாட்டா. பெத்த தாய்க்கு மரியாதைய எந்தப் பாடத்துல சொல்லிக் குடுக்காகளோ தெரியல. காலையில வழக்கத்த விட அரை மணி நேரம் முன்னாடியே கெளம்பிப் போயிருவா. என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சா நெனச்சுக்கோ, போன்னு விட்டுட்டேன். நானும் பிடிவாதக்காரிதான்.

அடுத்த வியாழக்கிழமை முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டாக. சந்தனராஜ் பக்கத்துல நிக்காரு. "முப்பிடாதி, நடந்தது நடந்துருச்சு. இத நம்ம நல்லதா மாத்திருவோம். நீ அந்தப் பிள்ள வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேக்க. சந்தனராஜ் வீடியோ எடுப்பான். அந்தப் பிள்ளைக்குக் கடை சார்பா ஒரு பரிசு குடுக்கோம்"னாக. எவ்வளவு பெரிய மனசு பாருங்க.

பரிசு என்னன்னு கேக்கீகளா? ஒரு வருசத்துக்கான நாப்கின்.

சிரிக்காதீகக்கா. பெரிய பத்து ரூவாக் கவர் ஆறு நெறைய. ஒவ்வொண்ணுலயும் முதலாளி கும்பிட்டுக்கிட்டு. கூட ஒரு பேனரு, 'மகளிர் நலனில் என்றும்'னு. நான் என்ன சொல்லணும்னு சந்தனராஜ் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டாரு. மொத வரியில மன்னிப்பு, ரெண்டாவது வரியில ஆடித் தள்ளுபடி.

எங்க வீட்டுக்காரர் ஆட்டோவுலயே எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போனோம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னாடி வரிசை வீடுக. அந்தப் பிள்ளையோட அம்மா பேரு வேலுத்தாய். பாத்தா எனக்குத் தெரிஞ்ச மொகம். நான் அங்க தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டுன காலத்துல நாலு வரிசை தள்ளி உக்காந்திருப்பா. வாசல்லயே நிப்பாட்டிட்டா.

"என்ன?"

சந்தனராஜ் பேனர விரிச்சுக்கிட்டே, "நல்ல விசயந்தாம்மா. பிள்ளைய வெளிய வரச் சொல்லுங்க. ஒரே நிமிசம். கொஞ்சம் சிரிச்ச மொகமா இருந்தா நல்லா இருக்கும்"னாரு.

"எம் பிள்ளைக்கு நேத்துல இருந்துதான் சோறு எறங்குது. திரும்பப் படம் புடிக்கவா வந்தீக? எடுத்துக்கிட்டுப் போங்க எல்லாத்தையும்."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரக எல்லாம் வந்துட்டாக. ஆளாளுக்குக் கவர எட்டிப் பாக்காக. உள்ள என்ன இருக்குன்னு அந்தக் கவர்ல நல்லாவே தெரியும், மெலிசுதானே. ஒரு கெழவர் என்ன பாக்கெட்டுன்னு கேக்காரு. சின்னப் பயலுக சிரிக்கானுக. வேலுத்தாய் வாசலுக்குக் குறுக்க நிக்கா. அப்ப சந்தனராஜ் என்ன பண்ணுனாரு, ஜன்னல் பக்கமாப் போயிப் போன உள்ள நீட்டுனாரு. "பாப்பா, இங்க பாரு. அக்கா சாரி கேக்க வந்திருக்காக"ன்னு.

நானும் ஜன்னல் வழியாப் பாத்தேன். அந்தப் பிள்ள கதவுக்குப் பின்னாடி மொழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. போனப் பாத்ததும் ரெண்டு கையாலயும் மொகத்த மூடிக்கிட்டுச்சு. அழல. சத்தம் போடல. அடிக்க வாறவுகளப் பாத்தாக் கைய இப்படித் தூக்குவோம்ல? அந்த மாதிரி.

என் கை போயிருச்சுக்கா. நெசமாச் சொல்லுதேன், நானா நெனச்சுச் செய்யல. என் கை போயி அந்தப் போன் மேல விழுந்துருச்சு. பட்டுன்னு ஒரு அடி. போன் சந்தனராஜ் கையிலருந்து தவறி, வெளிய சிமிண்டுத் தரையில பட்டு, சாக்கடைக்குள்ள போயிருச்சு. அவரு, "ஏட்டி, பைத்தியமா ஒனக்கு?"ன்னு கத்துதாரு. நான், "போங்க சார், போங்க, வண்டியில ஏறுங்க"ன்னு அவரத் தள்ளுதேன். பேனர நாந்தான் சுருட்டுனேன். ஆறு கவரையும் நாந்தான் தூக்கி வண்டியில எறிஞ்சேன். எங்க வீட்டுக்காரரு ஆட்டோவ ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தாரு. வீட்டுக்கு வந்ததும் டீ போட்டு எனக்கு ஒரு கிளாஸ் குடுத்தாரு. பதினேழு வருசத்துல மொதத் தடவை. இதுக்கு மேல இவளத் திருத்த முடியாதுன்னு முடிவு பண்ணிட்டாரு போல.

முதலாளிக்கு ரொம்ப வருத்தம். எவ்வளவு நல்ல எண்ணத்துல ஏற்பாடு பண்ணுனது, என் கையாலயே கெட்டுப்போச்சு. போன் காசச் சம்பளத்துல மாசா மாசம் புடிச்சுக்கிடுவாக. ஒரேயடியாக் கேக்கல, அந்தக் கொணம் யாருக்கு வரும்? கோவில்பட்டிக் கடையில என்னய வச்சா யாவாரம் கெடும்னு சங்கரன்கோவில் கடைக்கு மாத்திட்டாக. இன்னைக்குத்தான் மொத நாள். பஸ்ஸுக்கு தெனம் போகவர நூறு ரூவா ஆகும், அது நம்ம பாடு.

அங்க என்ன வேலையா? வாசல்ல டோக்கன் குடுக்கிறது. இப்பல்லாம் ஜனங்க வெவரமாயிட்டாக, வீட்டுலருந்து துணிப்பை கொண்டாந்துருதாக. அந்தப் பையோட உள்ள போகக் கூடாது. திருட்டு போகுமாம். வாசல்லயே நான் வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுக்கணும். பை வாசல்ல இருக்கும், சாமான் உள்ள பில் போடுற எடத்துல இருக்கும். அங்கருந்து இங்க கொண்டாரக் கவர் வேணும்ல? இத யோசிச்சது முதலாளி. நம்ம படிச்ச படிப்புக்கு இதெல்லாம் தோணுமா?

மன்னிப்பா? அந்தப் பிள்ளைகிட்டயா?

அதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்ல. வீடியோ இல்லாம மன்னிப்புக் கேட்டு யாருக்கு என்ன பிரயோசனம்?

...போனேன்க்கா. முந்தாநாள், ஞாயித்துக்கிழமை. யார்கிட்டயும் சொல்லல. சும்மா அந்தப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சு. சோலின்னா என்ன சோலின்னு கேக்காதீக. வேலுத்தாய் வாசல்ல பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தா. நிமிந்து பாத்தா.

"தனியாவா வந்திருக்க?"

"தனியாத்தான்."

"போன் வச்சிருக்கியா?"

எடுத்து அவ கையில குடுத்துட்டேன். பட்டன் போன்தான். அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு மடியில முடிஞ்சுக்கிட்டா. அப்புறம் உள்ள பாத்து, "ஏட்டி, அந்தக் கடைக்காரி வந்திருக்கா"ன்னு குரல் குடுத்தா. கடைக்காரியாம். எம் பேரு தெரியாத மாதிரி.

அந்தப் பிள்ள வந்து நெலையில சாஞ்சு நின்னுச்சு. நல்ல ஒசரம். கையில பாதி கடிச்ச கொய்யாப்பழம். நான் வழி நெடுக்க என்னென்னமோ சொல்லிப் பாத்துக்கிட்டுப் போயிருந்தேன். கடையில விதின்னு ஒண்ணு இருக்குல்ல, நாங்க சம்பளத்துக்கு நிக்கவுக, என் நெலமையில யாரு இருந்தாலும்... எல்லாம் ரெடியா இருந்துச்சு. வாயத் தொறந்தா, "சாப்பிட்டியாம்மா?"ன்னு வருது. ஆறு வருசம் ஆயிரம் பேரு கூட வாயாடுனவ, வாசல்ல மரம் மாதிரி நிக்கேன்.

அப்பவும் என்னமாவது பேசணுமேன்னு, "எம் பொண்ணும் ஒங்க ஸ்கூல்தான்"னேன்.

"தெரியும்க்கா. மதுமிதா. தெனமும் காலையில வந்து என்னயக் கூட்டிட்டுப் போறா"ன்னுச்சு.

எனக்குப் புரியல. வேலுத்தாய்தான் பாத்திரத்தக் கவுத்துக்கிட்டே சொன்னா. அந்த மொத வாரம் பிள்ள ஸ்கூலுக்கே போக மாட்டேன்னுருச்சாம். ஒரு நாள் காலையில சின்னப் பிள்ள ஒண்ணு வந்து கதவத் தட்டுச்சாம். "நான் அந்தப் பில் போடுறவுக மக. அக்காவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்"னு சொல்லுச்சாம். இவ வெளக்குமாத்த எடுத்து வெரட்டியிருக்கா. மறுநாளும் வந்துச்சாம். மூணாவது நாளும் வந்துச்சாம். நாலாவது நாளு இந்தப் பிள்ளையே பையத் தூக்கிக்கிட்டுக் கூடக் கெளம்பிருச்சாம். அதுலருந்து ரெண்டும் சேந்துதான் போகுதுக. பஸ் ஸ்டாண்ட் வழியாத்தான். எவனாவது அஞ்சு ரூவான்னு சொன்னா, எம் மக நின்னு திரும்பி, யார்ரா அதுன்னு கேப்பாளாம். நாலரை அடி இருப்பா அவ.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீகளா? அரை மணி நேரம் முன்னாடி கெளம்புனது இதுக்குத்தான். பெத்தவள எப்படி ஏமாத்திருக்கா பாருங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே படியில உக்காந்துட்டேன். வேலுத்தாய் செம்புல தண்ணி கொண்டாந்து வச்சா. கோவம்னா அப்படி ஒரு கோவம், கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அந்தப் பிள்ள பக்கத்துல வந்து உக்காந்து, "அழாதீங்கக்கா, மதுமிதா அன்னைக்கே சொல்லிட்டா"ன்னுச்சு.

"என்ன சொன்னா?"

"எங்கம்மா வருவாங்க. கொஞ்சம் லேட்டாகும். ஆனா யாரும் சொல்லாமலே வருவாங்கன்னு சொன்னா."

இந்தா, சங்கரன்கோவில் வந்துருச்சு. வாறேன்க்கா, எறங்கிக்கிடுதேன். பாத்தீகளா அவ திமிர? என்னய ஒரு வார்த்தை கேக்காம, அவளாவே முடிவு பண்ணிச் சொல்லியிருக்கா.